பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

கணினித் திரையில் பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது, அல்லது நிற்கவில்லை, நகர்வதுதான் என் கண்ணுக்குத் தெரியவில்லை, கற்றாழை வளர்வது தெரியாததைப் போல. இத்தனை வருடம் கல்லூரியில் தாவரவியல் மாணவிகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள் என்று. கைவிரலை வைத்துப் பார்க்கிறேன், கோட்டின் முனைக்கு நேராக, திரையில் படாமல். பொறுமையாக இரு சலோமி. டிவிடியில் இருப்பதை அப்படியே அள்ளி எடிட்டிங் மென்பொருளுக்குள் போட முடியாது என்பதை இந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஒரே நிகழ்ச்சியை அது பல துண்டுகளாக்கி, புரியாத பெயர்களில் அடுக்கி வைத்திருக்கிறது. அவற்றை முதலில் கணினிக்கு நகலெடுக்க வேண்டும், வரிசை மாறாமல் ஒட்ட வேண்டும், பிறகு மென்பொருளுக்குச் செரிக்கும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இரவல் வாங்கி வந்த டிரைவுக்குள் தட்டைப் போட்டபோது அது ஓரிடத்தில் கீறலில் சிக்கி முனகியது. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன், அது தானாகவே அந்த இடத்தைத் தாண்டிப் போகும்வரை. நேற்று ஒருமுறை எல்லாவற்றையும் சரியாகவே செய்து முடித்தேன். படம் வந்தது. எங்கள் வீடு, இதே வீடு, புதுச் சுண்ணாம்பு நிறத்தில், வாசலில் வாழை மரங்களோடு. நடுவே வெள்ளைச் சட்டையில் என் கணவர், கையில் மைக்குடன், வாய் அசைய அசைய. சத்தம் இல்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டது மென்பொருள்; டிவிடியின் ஒலி வேறு முறையில் அடைக்கப்பட்டிருக்கிறதாம், அதையும் சேர்த்து மாற்றச் சொல்லி, வடிவம் மாற்றுகிற மென்பொருளில் தனியே குறித்துக் காட்ட வேண்டுமாம். அவர் வாய் அசைந்தது, சத்தம் இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்; பங்குனியிலிருந்து ஒவ்வொரு நாளும் பார்க்கிற காட்சிதான், திரையில் பார்ப்பதுதான் முதல் தடவை.

குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஆளே இல்லை என்றார்கள், எடுத்தோம். அதற்கு முன்பே குரல் கரகரத்து, பிறகு கிழிந்து, கடைசியில் காற்றாகப் போய்விட்டதால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பதிவுசெய்து வைக்கவும் எதுவும் மிச்சமில்லை. இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் நாடாவால் கட்டிய வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. தட்டச்சு செய்தால் கைப்பேசியே பேசிவிடும் என்றார்கள். ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார், நானும் பின்னால் நின்றேன். கால் கிலோ புளி என்று தட்டினார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணின் குரலில், ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்ததைப்போல, கால் கிலோ புளி வேண்டும் என்றது கைப்பேசி. கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. புளியை வாங்கிக்கொண்டு வந்தவர் கைப்பேசியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். அதை இன்றுவரை எடுக்கவில்லை. பிள்ளைகள் எழுதி அழிக்கும் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதலில் முழு வாக்கியமாக எழுதினார், முற்றுப்புள்ளியோடு, பிறகு இரண்டிரண்டு சொல், பிறகு ஒரு சொல், வெந்நீர், விசிறி, போதும். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. டம்ளரில் கரண்டியால் தட்டுவார், நான் போய் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்கியம் சொல்லாகி, சொல் தட்டலாகி, தட்டல் என்னவாகும் என்று நினைக்கிறேனே, அதை நினைக்கக் கூடாது, கோட்டைப் பார், முனை விரலைத் தாண்டிவிட்டது, கொஞ்சம்தான், ஆனால் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்தான் சொன்னாள், மேடம், சாரோட பழைய குரல் இருந்தா அதே குரல்ல போனைப் பேச வைக்கலாம், ஆனா சுத்தமா இருக்கணும், பின்னாடி பாட்டு, மேளம், பாத்திரச் சத்தம் எதுவும் இருக்கக் கூடாது, சார் மட்டும் தனியா பேசணும், நாலைஞ்சு நிமிஷம் இருந்தாக்கூட போதும். நான் தலையாட்டிக்கொண்டே மனதுக்குள் அலமாரியைத் திறந்துவிட்டேன். புதுவீட்டுப் பிரதிஷ்டை. அன்று அவர் நன்றியுரை சொன்னார், வெகுநேரம் பேசினார், கொத்தனாரிலிருந்து கடன் கொடுத்த சித்தப்பா வரைக்கும் ஒருவர் விடாமல், ஜெபம் செய்ய வந்த சபை ஐயர் கடிகாரத்தைப் பார்க்கும்வரை. அவரிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஏமாற்றத்தை இரண்டு பேர் பங்கிட்டால் பாதியாகும் என்பது பொய், இரண்டாகத்தான் ஆகும்.

எப்படி இருந்தது அந்தக் குரல்? இதுதான் இப்போது என்னைச் சுற்றிச் சுற்றி வருகிற கேள்வி, ஈயைப்போல, விரட்டினால் போய் மறுபடியும் அதே இடத்தில் உட்காருகிறது. கனமான குரல் என்று சொல்வேன், அடியில் கொஞ்சம் மணல் கலந்தது என்று சொல்வேன், ஆனால் இவையெல்லாம் சொற்கள், ஓர் இலையை நீள்வட்டம், முனை கூர்மை, விளிம்பு ரம்பம் என்று எழுதிவைப்பதைப்போல. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு காட்டில் யாரும் அந்த மரத்தைக் கண்டுபிடித்துவிட முடியாது. மின்வாரியத்தில் இருந்தவரை மழைக் காலத்து இரவுகளில் தொலைபேசி ஓயாது. கரண்ட் எப்ப வரும் சார்? ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொள்வார், எந்த வாக்கியத்துக்கு முன்னும் அந்த மூச்சு உண்டு, பிறகு, வந்துரும், ஆளு போயிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. இருட்டில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் வெளிச்சம் வந்துவிட்டதைப்போலவே தொலைபேசியை வைத்தார்கள். அந்த மூச்சு எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பின்னால் வருவது இல்லை. மூச்சை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், சொல் வரும் இடத்தில் வேறொரு குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது, யாருடையது என்று தெரிந்தும் விரட்ட மனமில்லாமல் இருக்கிறேன். கைப்பேசி அதிர்கிறது. நினைத்தது போதும் என்று அழைத்ததைப்போல, அவனேதான், தூத்துக்குடியிலிருந்து, அவருடைய தம்பி.

"மைனி, வேதமணி பேசுதேன்."

"தெரியுது தம்பி, சொல்லுங்க."

"என்ன, அந்தத் தட்டு இன்னும் உருண்டு முடியலியா? இட்லியா இருந்தா இதுக்குள்ள வெந்து ஊசியே போயிருக்கும்."

"பாதிக்கு மேல வந்துட்டு."

"அண்ணன் தூங்குதானா?"

"படுத்திருக்காங்க. தூங்கல."

"நான் சொல்லுதத கேளுங்க மைனி. எதுக்கு இந்தப் பாடு? அரை மணி நேரம் வேதப்புத்தகத்த எடுத்து வச்சு நான் வாசிச்சு அனுப்புதேன். அண்ணன் குரலும் என் குரலும் ஒண்ணுதான்னு ஊருக்கே தெரியும். லீவுல உங்க வீட்டுக்கு வந்தா போனை எடுக்கவே பயந்து கெடப்பேன், எடுத்தா கரண்டு எப்ப வரும்னு என்னைல்லா வையிவானுவ. நீங்களே நிச்சயத்துக்கு அப்புறம் போன்ல எங்கிட்ட ஏமாந்துதான போனீய?"

"ஏமாறல. கண்டுபிடிச்சிட்டேன்."

"எப்ப? எல்லாம் பேசி முடிச்ச பிறகு!"

"நீங்க சிரிச்சப்ப."

அந்தப் பக்கம் அவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, "சரி மைனி, சிரிக்காம வாசிக்கேன்" என்றான்.

சிரிக்காமல் அவன் சொன்ன அந்த வாக்கியத்தில் என் கணவர் இந்த அறைக்குள் வந்து நின்றார். அவன் "மைனி? மைனி, லைன்ல இருக்கீயளா?" என்று கேட்கட்டும் என்று காத்திருந்தேன், கேட்டான், இன்னும் ஒருமுறை கேட்கட்டும் என்று காத்திருந்தேன், இது என்ன மாதிரியான திருட்டு என்று தெரியவில்லை. குக்கர் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் சொல்வது நடக்காத காரியம் அல்ல. பிரச்சினையே அதுதான். நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவன் வாசிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியாது, கோயிலில் அடுத்த பெஞ்சில் உட்காருகிறவர்களுக்குத் தெரியாது. சார் குரல் வந்துட்டே என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும். என்னங்க என்று நான் கூப்பிட, அவர் தட்டச்சு செய்ய, என் சமையலறையில் கொழுந்தனின் தொண்டையிலிருந்து, சலோ, ஒரு டம்ளர் வெந்நீர் என்று வரும். சாகும்வரை வரும். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேனே, நிஜமாகத் தெரியுமா? ஏற்கெனவே அவருடைய குரலை நினைக்கப் போனால் இவனுடையதுதான் கிடைக்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்று பதிந்துகொண்டிருக்கிறது, நாளுக்கு நாள், அழிக்கவும் தெரியாமல் நிறுத்தவும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தத் தட்டு. இது ஒன்றுதான் சாட்சி. குக்கர் விசில் கொடுக்கிறது, உண்மையாகவே வைத்திருந்தேன் போல, எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அறையை எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளையின் மேலிருந்த துணி மேலெழுந்து மேலெழுந்து படிந்தது. என்ன என்று புருவத்தால் கேட்டார். ஒன்றுமில்லை என்று நானும் புருவத்தால் சொன்னேன், எனக்கு வாய் இருக்கிறது என்பதை மறந்து.

முடிந்துவிட்டது. பச்சைக் கோடு முழுதாக நிரம்பிக் காணாமல்போய், முடிந்தது என்ற சொல் மட்டும் நிற்கிறது. கோப்பை மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டேன். கீழே படத்துக்கு ஒரு பட்டை விரிந்தது, அதற்கும் கீழே, நேற்று வெறுமையாக இருந்த இடத்தில், ஒலிக்கு ஒரு பட்டை, தடித்த பச்சையில், மேலும் கீழும் அடர்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடைவெளி விடாமல். அடர்த்தியைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும், யாரும் மூச்சு விடாமல் பேசுவதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நன்றியுரை இருக்கும் இடத்துக்குப் போய் ஓடவிட்டேன். மைக்கை அவர் உயர்த்தினார். சின்ன மூச்சு எடுத்தார், பார்த்தேன், மார்பு எழும்பியது, உதடு பிரிந்தது. கீபோர்டு முழங்க, பெண்கள் பாடகர் குழு அவர் வாயிலிருந்து ஒரு கீர்த்தனையைத் தொடங்கியது. அவர் கையை நீட்டி யாரையோ காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள், பாட்டு சரணத்துக்குப் போனது. முன்னால் தள்ளினேன், பாட்டு. இன்னும் முன்னால், வேறு பாட்டு. ஐயர் ஜெபிக்கிறார், பாட்டு. என் மாமியார் எதையோ கேட்டு அழுகிறார்கள், எதைக் கேட்டு என்பது இனி யாருக்கும் தெரியாது, புல்லாங்குழல். அப்படித்தானே எல்லா வீட்டு விசேஷமும் அந்தக் காலத்தில். எடுத்ததை எடிட் செய்து தருவது என்றால் பேச்சையெல்லாம் துடைத்துவிட்டுப் பாட்டைப் போட்டுத் தருவது என்றுதான் பொருள், நாங்களும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம், நல்லா பண்ணியிருக்கான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், பேச்சு எங்கே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பேசுகிற மனிதர்தான் பக்கத்திலேயே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே. வீடியோ எடுத்தவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன், இப்போது அவருக்குப் பந்தல் தொழில். பேர் சொன்னதும் நினைவு வந்துவிட்டது, அன்பாகத்தான் பேசினார். "அந்த டேப்பா? எக்கா, அதுக்கு மேலதான அடுத்த வாரமே வேற வீட்டுக் காதுகுத்தை எடுத்தோம். டேப்பை எல்லாம் யாரு பத்திரமா வைப்பா? பேச்சு வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே. ஏங்க்கா, பாட்டு சரியா கேக்கலியா?" நன்றாகக் கேட்கிறது என்றேன். சாரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பழக்கப்பட்ட கண். பிளேடால் தண்டை மெல்லியதாகச் சீவிச் சீவி, நூறில் ஒன்று தேறாதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்த கண். அந்தத் தடித்த பச்சையில் ஓரிடத்தில் மட்டும் ஓர் இடுப்பு இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடம், ஒட்டியவர் சரியாகக் கொண்டுவந்து சேர்க்காத இடம். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பச்சை மெலிந்து மெலிந்து கோடாகி, கோட்டின் மேல் சிறு சிறு மேடுகள், எறும்பு வரிசையைப்போல. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, ஒலியைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டேன். வால் சிறுத்துத் தேயும் பாட்டு. பாத்திரம் ஒன்று வைக்கப்படும் ஓசை. பிறகு ஓர் ஆண் குரல், பக்கத்திலேயே, கேமராவுக்கு இந்தப் புறத்திலிருந்து: "பார்த்து வாங்க, தரை ஈரமா இருக்கு." உடனே கீபோர்டு.

பார்த்து வாங்க, தரை ஈரமா இருக்கு. மறுபடியும் ஓடவிட்டேன். மறுபடியும். முன்னால் மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தால் அதைப் பாட்டின் வால் தின்றுவிட்டிருக்கிறது. சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லையென்றால் இரண்டு பேரில் எவராகவும் இருக்கலாம். தரை ஈரமாக இருந்தால் இரண்டு பேருமே சொல்லக் கூடியவர்கள்தான், அந்த வீட்டு வளர்ப்பு அப்படி. இருபத்தெட்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டதைப்போல வாழ்ந்துவிட்டு, கணவனின் குரலா கொழுந்தனின் குரலா என்று தெரியாமல் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காது கைவிட்டால் கண்ணைக் கேள். படத்தைப் பார்த்தேன். அதே நொடியில் கேமரா வாசல்படியில் இருக்கிறது. ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினேன். அசைகிற உருவங்களின் ஓரமெல்லாம் சீப்புப் பற்களாகக் கிழிந்திருந்தது, பழைய டிவிடிகளுக்கு உரிய கோளாறு, அதை நீக்கும் வழியையும் படித்து வைத்திருந்தேன், நீக்கினேன். பற்கள் மறைந்து முகங்கள் கூடின. படியில் அவருடைய அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பால் குக்கரைச் சுமந்துகொண்டு வருவது வேதமணி, மீசை கறுப்பாக, நேராகக் கேமராவைப் பார்த்தபடி. பார்த்து என்ற இடத்தில் நிறுத்தினேன். வாய் மூடியிருந்தது. வாங்க. மூடியிருந்தது. தரை, ஈரமா, இருக்கு. குக்கரின் கைப்பிடியைப் பல்லைக் கடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறான், உதடு திறக்கவே இல்லை. அப்படியென்றால் பேசியது இவர்தான். இவரேதான். கிடைத்துவிட்டது. நாலைஞ்சு நிமிடம் கேட்டவளிடம் இதை எப்படிக் கொடுப்பது என்பது வேறு விஷயம், ஒரு கைப்பிடி அரிசியில் ஊருக்கு எப்படிச் சமைப்பது என்பது வேறு விஷயம், ஆனால் என் கையில் இப்போது ஒரு கைப்பிடி இருக்கிறது, கலப்படம் இல்லாதது, மேலே எதுவும் பதியாதது. காதுக்குள் ஒடுங்கிக் கேட்டது போதும் என்று தோன்றியது. இந்த அறையில், இந்தச் சுவர்களில் பட்டு, அன்று எப்படிக் கேட்டதோ அப்படிக் கேட்க வேண்டும். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒலியை முழுதாகக் கூட்டி ஓடவிட்டேன். பார்த்து வாங்க, தரை ஈரமா இருக்கு. வீடு நிறைந்தது. அவசரமாக ஒருமுறை. பார்த்து வாங்க, தரை ஈரமா இருக்கு.

உள்ளே டம்ளர் ஒலித்தது. ஒருமுறையல்ல, படபடவென்று, பல நாளாகக் கேட்காத வேகத்தில். அவர் கேட்டுவிட்டார். ஒளித்து வைத்திருந்தது வெளிப்பட்டுவிட்டதே என்று ஒரு நொடி, போகட்டும் என்று மறு நொடி. எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது, தூக்கி நிறுத்தவில்லை, ஓடினேன், அழுதிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே, நானும் அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே. அவர் எழுந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வெளிச்சம் இருந்தது. பலகையை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு, முழு வாக்கியங்கள், முற்றுப்புள்ளியோடு.

வேதமணி வந்திருக்கானா. உள்ளே கூப்பிடு.

நான் வாயைத் திறந்தேன். இல்லைங்க என்று தொடங்கி, அதற்கு அடுத்த சொல்லை எடுக்கப் போய், அது எவ்வளவு கனமானது என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பிக்கு அந்தத் துளையை ஒருநாளும் காட்டியதில்லை. நிலைக்கண்ணாடியின் பக்கம் திரும்பி, கழுத்துத் துணியை இழுத்துச் சரியாக மூடி, அதற்கு மேல் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். தலையை ஒருமுறை கையால் தடவிவிட்டார். பிறகு நான் இன்னும் நிற்பதைப் பார்த்து, வந்தவனை வாசலில் நிறுத்தலாமா என்கிற முகத்தோடு, போய்க் கதவைத் திற என்று கையைக் காட்டினார்.

போய்த் திறந்தேன். உச்சி வெயில் படியில் விழுந்து கிடந்தது. தரை உலர்ந்திருந்தது.